பெரிய டிவி வாங்கும் முன்: ஹாலும் செட்டாப் பாக்ஸும்

புது டிவி சுவரில் ஏறிய அன்று சாயங்காலமே பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்துவிடும்: “கடையில பாத்தப்ப பளிச்சுனு இருந்துச்சு, இங்க சீரியல் போட்டா மூஞ்சியெல்லாம் கலங்கித் தெரியுதே.” கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ, பெட்டியில் கோளாறு என்றோ முதலில் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. கடையில் ஓடியது 4கே திரைக்கென்றே எடுத்த படம். வீட்டில் ஓடுவது எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தரத்தில் வரும் சேனல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால், எந்த டிவி வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரிதான்.

எஸ்டி படத்தில் 720 × 576 புள்ளிகள் (பிக்சல்), அதாவது ஏறக்குறைய 4 லட்சத்து 15 ஆயிரம். 4கே திரையில் 3840 × 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். வகுத்துப் பார்த்தால் சரியாக 20 மடங்கு. சேனல் ஒரு புள்ளி அனுப்பினால் டிவி 20 புள்ளிகளை நிரப்ப வேண்டும். அதில் 19 ஊகம். போதாததற்கு, டிடிஎச்சிலும் கேபிளிலும் ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்களை அடைக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சேனலும் நன்றாக நசுக்கப்பட்டே நம் வீட்டுக்கு வருகிறது. தலைமுடி, பட்டுப்புடவையின் ஜரிகை, திருவிழாக் கூட்டம் போன்ற நுணுக்கமான இடங்கள்தான் முதலில் கரைந்துபோகும். சின்னத் திரையில் கண்ணுக்குப் படாத இந்தக் குறை, பெரிய திரையில் ஒளிய இடமில்லாமல் நிற்கிறது.

அந்த 576 வரி அளவு பழைய குழாய் டிவிகளுக்காக வகுத்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியபோதும், 1982இல் இந்தியாவுக்குக் கலர் வந்தபோதும் அதே வரிகள்தான். 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வீடு வீடாகக் கொடுத்தது 14 அங்குலக் கலர் டிவி. அந்தத் திரையோடு ஒப்பிட்டால் இன்றைய 65 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 19 மடங்கு. ஆனால் பல வீடுகளில் உள்ளே வரும் படம் இன்னும் அதே 576 வரிதான். “பழைய டிவியிலேயே நல்லா தெரிஞ்சுது” என்று பாட்டி சொன்னால், அவர் சொல்வது கணக்குப்படி சரி.

ஆகவே டிவிக்கு முன்னால் பார்க்க வேண்டியது செட்டாப் பாக்ஸ். அதிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஒயர் போகிறதா? அப்படியானால் அது எஸ்டி பாக்ஸ், அல்லது அதைவிடத் தெளிவான படம் தரும் எச்டி பாக்ஸைத் தப்பாக இணைத்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் ஒயர் இருக்கும் படத்தையும் இன்னும் கெடுக்கும். எச்டி பாக்ஸுக்கு மாறி எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்தால் எஸ்டி சேனல்கூடக் கொஞ்சம் தெளியும். எச்டி சேனல் போட்டால் புள்ளிகள் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். டிவி நாலில் மூன்றை ஊகித்தால் போதும். சன், கேடிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாவற்றுக்கும் எச்டி வடிவம் உண்டு. ஆனால் எஸ்டிக்கும் எச்டிக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால், பேக்கில் எச்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய தொகை கொடுத்து 4கே டிவி வாங்கிய வீட்டில் மாதம் சில ரூபாய் வித்தியாசத்துக்காக எஸ்டி பேக்கிலேயே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். இருக்கும் டிவி 43 அங்குலமாக இருந்தாலும், முதலில் பாக்ஸை மாற்றிப் பாருங்கள். சிலருக்குப் புது டிவியே தேவைப்படாமல் போகலாம்.

சரி, டிவி வாங்குவதாகவே முடிவு. என்ன அளவு?

திரையின் அளவு என்று சொல்வது மூலைக்கு மூலை உள்ள நீளம். சுவரில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது வேறு கணக்கு. 55 அங்குலம் என்றால் ஏறத்தாழ 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். 65 என்றால் 144 × 81. 75 என்றால் 166 × 93. பத்து அங்குலம்தானே கூடுகிறது என்று தோன்றும்; ஆனால் 55இலிருந்து 65க்குப் போகும்போது பரப்பு 40 சதவீதம் கூடுகிறது. பழைய செய்தித்தாள்களை இந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்தால், கடையில் நின்று யோசிப்பதைவிடத் தெளிவாக முடிவெடுக்கலாம்.

அளக்க வேண்டியது ஹாலின் நீளத்தை அல்ல, உட்காருபவரின் கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் எதிர்ச்சுவரை ஒட்டி சோபா போட்டால், சோபாவின் ஆழமும் டிவி யூனிட்டும் போகக் கைக்கு வருவது ஏழெட்டு அடிதான். திரை நம் பார்வையில் சுமார் 30 பாகை அகலத்தை நிரப்ப வேண்டும் என்பது சினிமா, ஒளிபரப்புப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல். அதன்படி 55 அங்குலத்துக்கு ஏழரை அடி, 65க்கு ஒன்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு, 75க்குப் பத்து அடி. படமும் ஓடிடியும் பார்க்கிற வீட்டுக்கு இது பொருந்தும். எஸ்டி சேனலே கதி என்றால் இதே தூரத்தில் அந்த ஊகப் புள்ளிகள் கண்ணை உறுத்தும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு அளவு குறைத்தே வாங்கச் சொல்வேன்.

4கே என்ற முத்திரையின் மதிப்பும் இந்தத் தூரத்தைப் பொறுத்ததே. நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் எல்லையை வைத்துக் கணக்கிட்டால், 55 அங்குலத் திரையில் ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு முழு எச்டிக்கும் 4கேவுக்கும் புள்ளியளவில் வித்தியாசம் தெரிவது கடினம். 75 அங்குலத்தில் அந்த எல்லை பத்து அடிக்குச் சற்று முன்னால் வரும். இன்று 50 அங்குலத்துக்கு மேல் வருபவை அநேகமாக எல்லாமே 4கே என்பதால் இதற்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. ஆனால் அதையே பெரிய சிறப்பாகச் சொல்லி விற்றால் மயங்க வேண்டாம். 8கே பக்கம் போகவே வேண்டாம். அதில் போட்டுப் பார்க்க நம்மிடம் அநேகமாக எதுவும் இல்லை.

உயரத்தில்தான் நம் வீடுகளில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஷோகேஸுக்கு மேலே, ஏறக்குறைய ஃபேன் உயரத்தில் டிவி. சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் இருக்கும். பாய் போட்டு உட்காருகிறவருக்கு இன்னும் ஒரு அடி கீழே. திரையின் நடுப்பகுதி மூன்று, மூன்றரை அடியில் இருந்தால் இருவருக்கும் ஒத்துப்போகும். திரை பெரிதாகப் பெரிதாக அண்ணாந்து பார்ப்பதில் கழுத்துக்கு வலி கூடும். குழந்தை இழுத்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி சுவரில் உறுதியாக மாட்டுவது, உயரே ஏற்றுவதல்ல. மாட்டும்போது சுவர் செங்கல்லா, ஏஏசி பிளாக்கா (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமெண்ட் கல்) என்று ஆளிடம் சொல்லிவிடுங்கள். 75 அங்குல டிவி சுமார் 30 கிலோ வரும். பொலபொலவென்ற பிளாக்கில் சாதாரணப் பிளக் அடித்தால் தாங்காது.

உயரத்தோடு பக்கவாட்டுக் கோணமும் சேர்ந்துகொள்ளும். நம் ஹாலில் எல்லோரும் நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒருவர் தரையில், ஒருவர் ஓரத்து ஒற்றைச் சோபாவில், இன்னொருவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு பார்ப்பார். எல்சிடி திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய வகை. விஏவில் கருப்பு நல்ல கருப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள விகிதம் 3000, 4000க்கு 1 என்று போகும். ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் கோணத்துக்கு நல்லது. ஆனால் விகிதம் 1000க்கு 1 அளவுதான், இரவுக் காட்சியில் கருப்பு சாம்பலாகத் தெரியும். கடையில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நீங்களே டிவிக்குப் பக்கவாட்டில் நடந்து போய், முகங்களின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அரை நிமிட வேலை, ஆனால் அட்டையில் அச்சடித்ததைவிட அதிகம் சொல்லும்.

இனி விளக்கொளி. படத்தின் தரத்தில் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது, பணமும் இங்கேதான் போக வேண்டும். எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் ஒளி கொடுக்க, திரை அதை மறைத்தும் விட்டும் படத்தைக் காட்டுகிறது. முழுவதும் மறைக்க அதனால் முடியாது. கசியும் ஒளிதான் நிலாக்காட்சியில் வானத்தைச் சாம்பலாக்குகிறது. விலை குறைந்த டிவிகளில் பின்விளக்கு மொத்தமும் ஒன்றாகவே எரியும். நல்ல டிவியில் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்க வைப்பார்கள். இதுவே லோக்கல் டிம்மிங். பகுதிகளை நூற்றுக்கணக்கிலும் அதற்கு மேலும் கூட்டி, விளக்குகளைச் சின்னதாக்கினால் மினி எல்இடி. பகுதிகள் கொஞ்சமாக இருந்தால், கருப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது அதைச் சுற்றி ஒரு புகை வட்டம் தெரியும்.

கியூஎல்இடி என்பதும் இதே எல்சிடிதான். பின்விளக்குக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் எனும் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட படலம் ஒன்று சேர்ந்திருக்கும். 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவரின் கண்டுபிடிப்பு நம் ஹால்வரை வந்து சேர்ந்த வடிவம் அது. சிவப்பும் பச்சையும் சுத்தமாக வரும். ஆனால் கருப்பைக் கருப்பாக்குவது அதன் வேலை அல்ல. லோக்கல் டிம்மிங் இல்லாத கியூஎல்இடிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை டிம்மிங் உள்ள டிவிக்குப் போடலாம்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்தால் முழுக் கருப்பு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல திரை இப்போதைக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நம் வீடுகளுக்கு என்று மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலில் பகல் வெளிச்சம். வாசல் கதவும் ஜன்னலும் திறந்து கிடக்கும் ஹாலில் ஓஎல்இடியின் பிரகாசம் பல மாடல்களில் பற்றாது. பளபளப்பான திரையில் வாசல் அப்படியே தெரியும். அடுத்து, சேனல் முத்திரை. ஓஎல்இடியில் இருப்பது கரிமப் பொருள். எரிய எரிய அதன் ஒளி குறையும். ஒரே இடத்தில் ஒரே உருவம் வருடக்கணக்கில் நின்றால் அந்தப் புள்ளிகள் மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்து, நிழலாகத் தங்கிவிடும். காலையிலிருந்து செய்திச் சேனல், கீழே ஓடாமல் நிற்கும் சிவப்புப் பட்டை, மூலையில் முத்திரை, மாலையில் இரவுவரை ஒரே சேனலின் சீரியல்கள் என்று ஓடும் வீட்டுக்கு இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கடைசியாகச் சொல்வது விற்பவர்கள் அநேகமாகச் சொல்லாத விஷயம். இந்தத் தேய்மானத்தைச் சமன்செய்ய ஓஎல்இடி டிவி சில மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்த பிறகு தனக்குத்தானே ஒரு சரிபார்ப்பு நடத்திக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். படுக்கப் போகும்போது சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். அப்படி அணைத்தால் அந்தச் சரிபார்ப்பு நடக்காது. ஓஎல்இடி வாங்கினால் இந்தப் பழக்கத்தை மாற்ற வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அப்பாவும் சேர்த்து.

ஆக, பகலெல்லாம் டிவி ஓடும் வெளிச்சமான ஹாலுக்கு மினி எல்இடி. ராத்திரி படம் பார்ப்பதற்கென்றே வைக்கும் அறைக்கு ஓஎல்இடி. இரண்டுக்கும் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால், 65 அங்குலத்தில் சாதாரண டிவி வாங்குவதைவிட 55இல் லோக்கல் டிம்மிங் உள்ளதை வாங்குவது மேல். அங்குலத்தைக் குறைத்து ஒளிக்குப் பணம் போட்டவர்கள் பிறகு வருந்தி நான் பார்த்ததில்லை.

அட்டையில் வரும் மற்ற பெயர்களைச் சீக்கிரமே பார்த்துவிடலாம். எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படமுறை, அநேகமாக எல்லா 4கே டிவியிலும் இருக்கும். அந்த வகைப் படங்கள் பெரும்பாலும் 1000 நிட் (நிட் என்பது பிரகாசத்தின் அலகு) அல்லது அதற்கு மேற்பட்ட பிரகாசத்துக்குத் தயாரானவை. 300 நிட் தரும் திரை அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. திரையின் உச்ச பிரகாசம் எத்தனை நிட் என்று தேடிப் பாருங்கள், 600க்குக் குறைந்தால் எச்டிஆரை மறந்துவிடலாம். 120 ஹெர்ட்ஸ், அதாவது திரை விநாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது, உண்மையில் பயனுள்ளது: சினிமா விநாடிக்கு 24 பிரேம், 120இல் அது சரியாக ஐந்து ஐந்தாக வகுபடும். 60இல் வகுபடாததால் ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் வந்து, கேமரா மெல்ல நகரும்போது லேசாகத் தட்டும். பிஎஸ்5 கேம் ஆடும் பிள்ளைகளுக்கும் 120 உதவும். ஆனால் மோஷன் ரேட் போன்ற பெயர்களில் வரும் பெரிய எண் திரையின் உண்மையான வேகம் அல்ல.

மென்பொருள் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. விலை மிகக் குறைந்த சில ஆண்ட்ராய்டு டிவிகள் கூகுளின் சான்று பெறாதவை. அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் ஒழுங்காக ஓடாது, ஓடினாலும் எச்டிகூட வராமல் போகலாம். 4கேவில் பார்க்க நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டம் வேண்டும். இணையமும் விநாடிக்கு 15 மெகாபிட் தடையில்லாமல் வர வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் மணிக்கு 7 ஜிபிவரை போகும் என்பதை நினைவில் வைக்கவும்.

எந்த கம்பெனி என்ற கேள்விக்கு ஒரு பின்னணி. சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் எல்சிடி தயாரிப்பை நிறுத்திவிட்டது. எல்ஜி டிஸ்ப்ளே சீனாவின் குவாங்சோவில் இருந்த தன் எல்சிடி ஆலையை டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடிக்கு விற்றுவிட்டது. இன்று பெரிய எல்சிடி திரைகளில் பெரும்பகுதி பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி போன்ற சீன நிறுவனங்களிடமிருந்து வருகிறது. வெவ்வேறு பெயர் ஒட்டிய டிவிகளுக்குள் ஒரே ஆலையின் திரை இருக்கலாம். அப்படியென்றால் பெயருக்கு ஏன் கூடுதல் விலை? பின்விளக்கு, எஸ்டியை 4கேவாக ஊகிக்கும் பிராசசர், சர்வீஸ் என்ற மூன்றுக்கும்தான். சேனல் பார்க்கும் வீட்டுக்குப் பிராசசர் முக்கியம். இதில் சோனிக்கு நெடுநாள் நல்ல பெயர் உண்டு. சர்வீஸைப் பொறுத்தவரை, சென்னையில் கிடைப்பது தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். உங்கள் ஊருக்கு ஆள் வருகிறாரா என்று பக்கத்துத் தெருவில் அதே கம்பெனி டிவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். திரை உடைந்தால் வாரண்டியில் வராது. மாற்றும் செலவு டிவி விலையை நெருங்கிவிடும்.

விலை ஒரு விதத்தில் குறைந்திருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வரி சேராமல் 50,000 ரூபாய் என்றால், முன்பு 64,000 ஆன டிவி இப்போது 59,000. புது மாடல்கள் பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதியில் இறங்கும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் முந்தைய ஆண்டு மாடல் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், ஒரு வருடத்தில் படத்தரம் அப்படி ஒன்றும் மாறிவிடுவதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு சவுண்ட்பார். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். வசனம் புரியவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு அதுவும் காரணம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டை அளந்துகொள்ளுங்கள், 75 அங்குலப் பெட்டி ஆறடி நீளம் வரும். எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்கவைத்தால் திரை விரிசல் விடலாம். ஆள் இருக்கும்போதே பிரித்து, போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பல டிவிகள் 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும் என்று பின்புறமே எழுதியிருக்கும், ஆகவே குறைந்த வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. நியூட்ரல் போய் வோல்டேஜ் எகிறும் ஊர்களில் மட்டும், அதிகமானால் துண்டிக்கும் வகை ஒன்று வைப்பது நல்லது. இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் பல வீடுகளில் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

மாட்டி முடித்ததும் பிக்சர் மோடை மாற்றிவிடுங்கள். கடையில் வைத்திருந்த விவிட் மோடு, வெள்ளையை நீலமாக்கிப் பிரகாசத்தை உச்சத்தில் வைப்பது. பத்து டிவிகளுக்கு நடுவே கண்ணை இழுக்க அது வேண்டும், வீட்டுக்கு வேண்டாம். மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றி, நிற வெப்பத்தை வார்ம் என்பதில் வையுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும், ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்தால் எஸ்டி சேனலில் முகத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கோடு மறையும். படத்தை வழவழப்பாக்கும் மோஷன் வசதியை கிரிக்கெட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு சினிமாவுக்கு அணைத்துவிடலாம். அப்புறம், பழைய படங்களைத் திரை முழுக்க இழுத்து நிரப்பும் அமைப்பை 4:3க்குத் திருப்பினால் ஆட்கள் குண்டாகத் தெரிவது நின்றுவிடும். இரண்டு பக்கமும் வரும் கருப்புப் பட்டை அந்தப் படத்தின் சரியான அளவுக்கு அடையாளம்.